கரட்டுக்கோட்டைப் படைக்கணக்கு

அறுநூற்றுப் பதினொன்று. போன ஞாயிற்றுக்கிழமை அறுநூற்றுப் பன்னிரண்டாக இருந்தது. ஏறாமல் நிற்பது யமுனாவுக்குப் பழகிப்போன விஷயம்தான், மூன்று வாரம் அசையாமல் நின்றதெல்லாம் உண்டு. ஆனால் இறங்குவது என்ன நியாயம்? வெங்காயம் உரித்த கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, போனில் விற்பனைப் பக்கத்தை இன்னொரு தரம் இழுத்துவிட்டாள். சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. அறுநூற்றுப் பதினொன்றேதான். யாரோ ஒரு புண்ணியவான் வாங்கி, விளையாடிப் பார்த்து, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். துணிக்கடையில் திருப்பிக் கொடுப்பவர்களாவது நேரில் வந்து, சாயம் போகிறது, முந்தானை சரியில்லை என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்வார்கள். இங்கே அந்த மரியாதைகூட இல்லை. ராவோடு ராவாக ஒரு எண் இன்னொரு எண்ணாகிவிடும். மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு இந்த எண்ணை அவள் ஊரறியப் போட்டாக வேண்டும். கணபதி பகுதியில் உள்ள தன் வீட்டின் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் ஒரு கிலோ சின்ன வெங்காயம். கணவர் தனபால் கோழிக்கறி வாங்கப் போயிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான். வெங்காயம் இல்லாவிட்டாலும் வெங்காயம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

எண்ணூறு பேர் என்று கணக்குப் போட்டதே தப்போ என்று தோன்றியது. கரட்டுக்கோட்டை, கம்ப்யூட்டரில் விளையாடுகிற போர் விளையாட்டு. அவளும் கூட்டாளி எட்வினும் நாலு வருஷம் முட்டி மோதிச் செய்தது. ஒரு கரடு, மொட்டைப் பாறைக் குன்று, அதன் மேலே ஒரு கோட்டை, கீழே பன்னிரண்டாயிரம் பேர் கொண்ட எதிரிப் படை. கோட்டைக்குள்ளே விளையாடுகிறவர் கையில் எண்ணூறு பேர். ஒரு மழைக்காலம் முடியும்வரை தாக்குப்பிடித்தால் வெற்றி. எண்ணூறு பேருக்கும் பேர் உண்டு, ஊர் உண்டு. அத்தனை பேரையும் அவளே உட்கார்ந்து எழுதினாள். அதனால்தான் அந்தக் கிண்டல் அப்படி ஒட்டிக்கொண்டது. விளையாட்டை வாங்கியவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் பீரங்கி பாபு என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவர், மதுரைக்காரர், போன மாசம் எழுதினார்: "கோட்டைக் காவலுக்கே எண்ணூறு பேரு. வாங்குனவங்க அறுநூறு. மிச்சம் எரநூறு பேருக்கு நாமளே மீசை ஒட்டி வேஷம் கட்டணுமா?" அன்று முழுக்க அதற்குச் சிரிப்பு. யமுனாவும் சிரித்தாள், சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டாள், போட்டுவிட்டுப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். முப்பத்தெட்டு வயது. இந்த வயதில் அவளோடு படித்தவர்கள் எல்லாம் கிளை மேலாளர், தலைமை ஆசிரியை. அவள் பொம்மைச் சிப்பாய்க்குப் பேர் வைத்துக்கொண்டிருக்கிறாள். வைத்தால் என்ன? வைத்தது வைத்ததுதான். ஒரு வெங்காயம் கையிலிருந்து வழுக்கி ஓடி சோபாவுக்கு அடியில் போய் நின்றது. போகட்டும். அறுநூற்றுப் பதினொன்று. முறத்தில் இருப்பதில் எத்தனை இருக்கும்? நூற்றைம்பது இருக்குமா? நாலு கிலோ வெங்காயம் அளவுக்குத்தான் இந்த உலகத்தில் அவளுக்கு ஆள் இருக்கிறது.

வினையை அவளே தேடிக்கொண்டாள், அதையும் சொல்ல வேண்டும். விளையாட்டு விற்பனைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பெருமை தாங்காமல், குழுவில் "இந்த வாரப் படைக்கணக்கு: 9" என்று போட்டாள். ஒன்பது பேர் வாங்கியதற்கு அப்படி ஒரு ஆனந்தம். "ஒம்போது பேரை வச்சு கோட்டையா? கிரிக்கெட் டீமுக்கே ரெண்டு ஆள் கம்மி" என்று உடனே பதில் வந்தது. அடுத்த ஞாயிறு இருபத்திரண்டு. "டீம் ரெடி, எதிரி டீமும் ரெடி, அம்பயர் எங்கே?" ஐம்பத்தைந்து வந்தபோது, "டவுன் பஸ்ஸு ரொம்பிடுச்சு, படியில தொங்காதீங்க." முந்நூற்றுச் சொச்சத்தில், மொட்டைமாடி மன்னர் என்கிற திருச்சிக்காரர், "எங்க தெருக் கோயில் அன்னதானத்துல ரெண்டாவது பந்தி" என்றார். இப்படியே வாரம் தவறாமல் இரண்டு வருஷம். பத்து மணிக்கு எண் வரும் என்று கத்தாரிலும் கும்பகோணத்திலும் ஆட்கள் காபியோடு உட்கார்ந்திருப்பதாக எழுதுவார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எண் போடாமல் விட்டதற்கு, "தளபதி எங்கே, கோட்டை விழுந்துடுச்சா?" என்று நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரும் தான் எத்தனையாவது ஆளாக வாங்கினோம் என்பதையே பேராகவும் வைத்துக்கொண்டார்கள். பாபு நாற்பத்தேழு. மன்னர் நூற்றெட்டு, அதில் அவருக்குத் தனிப் பெருமை. ஒன்றாம் நம்பர் யார் என்பது மட்டும் குழுவில் யாருக்கும் தெரியாது. யமுனாவுக்குத் தெரியும். இணையக் கடையில் வந்த முதல் நிமிஷமே, போணி நான்தான் பண்ணுவேன் என்று எட்வின் வாங்கினான். குழுவில் 'சும்மா' என்ற பேரில் அவனும் இருக்கிறான். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை எழுதியதில்லை. படிப்பான். எல்லாவற்றையும் படிப்பான். அதுதான் பிரச்சனையே.

எட்வினின் குரல் பதிவு பெங்களூரிலிருந்து காலை ஏழு மணிக்கே வந்திருந்தது. மூன்று தரம் கேட்டுவிட்டாள். நாலாவது தரம் கேட்கக் கை போனது, வெங்காய விரலுக்கு போன் மசியவில்லை. கேட்காமலே மனப்பாடம்தான். "யமுனா, ஆடி கடைசி ஞாயிறு. பேசுனது ஞாபகம் இருக்குல்ல? பக்கத்தைப் பாத்தேன். ஆயிரம் எங்க, அறுநூறு எங்க. எனக்கு முடியல யமுனா. ஆபீஸ்ல ஒரு பையன் அந்தக் குழுல இருந்து ஜோக்கெல்லாம் எடுத்து, பிரிண்ட் போட்டு, காபி மெஷின் மேல ஒட்டிருக்கான். நான் பண்ணுனதுன்னு தெரிஞ்சே ஒட்டிருக்கான். ஒண்ணு பண்ணு. ஆயிரம் ஆயிடுச்சுன்னு போட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது, அந்தப் பக்கம் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் திறக்கும். ஆயிரம் தொட்டாச்சு, ஜெயிச்சாச்சு, நன்றி வணக்கம்னு மரியாதையா முடிச்சுட்டு எடுத்துடலாம்." ஆடி பிறக்கும் முன் இருவரும் பேசி முடிவு செய்ததுதான். ஆடித் தள்ளுபடி போட்டுப் பார்ப்போம், ஆடி முடிவதற்குள் ஆயிரம் தொடாவிட்டால் கடையிலிருந்து எடுத்துவிடுவோம். எடுத்துவிட்டால் அப்புறம் புதிதாக ஒருவரும் வாங்க முடியாது. குழுவும் கலைந்துவிடும். சரி என்று அவளும் வாயால் சொன்னாள். ஆடித் தள்ளுபடியில் சட்டி பானை விற்கிறது, கிழிந்த துணி விற்கிறது, கரட்டுக்கோட்டை பதினாலு விற்றது. அதில் ஒன்று திரும்பி வந்துவிட்டது.

ஆயிரம். எழுதிப் பார்ப்பதில் தப்பில்லை என்று சுண்டுவிரலால் எழுதிப் பார்த்தாள். இந்த வாரப் படைக்கணக்கு: 1000. எண் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, குளித்து நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு வந்த ஆள் மாதிரி. பாபு என்ன சொல்வார்? பட்டாசு வெடிப்பார். மன்னர் கவிதை எழுதினாலும் எழுதுவார். கத்தார்க்காரர் இனிப்பு வாங்கிப் படம் போடுவார். நாற்பது, ஐம்பது பேர் மாலை போட, அடுத்த வரியிலேயே, நன்றி, இன்றோடு மூடுகிறோம். அவர்கள் ஏன் என்று கேட்பார்களே. ஜெயித்த படை எதற்குக் கோட்டையைக் காலி செய்கிறது என்று கேட்பார்களே. அதற்கு இன்னொரு பொய் சொல்ல வேண்டும். தானே ஒன்று வாங்கி அறுநூற்றுப் பன்னிரண்டையாவது காப்பாற்றினால் என்ன என்று இன்னொரு புத்தி ஓடியது. ச்சீ, ஓடுகாலிக்குப் பதிலாகத் தளபதியே வரிசையில் போய் நிற்பதா? இரண்டு வருஷத்தில் நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமை ஒரு எண்ணைக்கூட அவள் கூட்டிப் போட்டதில்லை. ஒன்பது என்றால் ஒன்பது. கிண்டல் செய்தார்கள், செய்தார்கள், வயிறு எரியச் செய்தார்கள், ஆனால் எண் பொய் என்று ஒருத்தர் ஒரு நாள் சொன்னதில்லை. அது ஒன்றுதான் அவள் சம்பாதித்தது. மூன்று சைபரையும் ஒவ்வொன்றாக அழித்தாள். ஒன்று மிஞ்சி நின்றது. அதையும் அழித்தாள்.

"இன்னுமா உரிக்கற?" தனபால் கறிப் பையோடு உள்ளே வந்தார். மணி ஒன்பது நாற்பது. "உன்ற கோட்டையில இன்னைக்கு எத்தன பேரு?"

"ஒருத்தரு கம்மியாயிட்டாங்க."

"போனாப் போறான். வேற ஆள் வருவான்." செருப்பை வாசலில் விட்டவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "எடுத்தரோணும்னு எட்வின் சொன்னானே. அதானா?"

"நான் எடுக்கறதா இல்லீங்க."

"உன்ற பிடிவாதம் எனக்குத் தெரியாதாக்கும். அதைய அவங்கிட்டச் சொல்லோணுமில்ல?" என்று சொல்லிவிட்டு, சோபாவுக்கு அடியில் குனிந்து அந்த ஒற்றை வெங்காயத்தை எடுத்து முறத்தில் போட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டார்.

நான் எடுக்கறதா இல்லீங்க. சொன்ன பிறகுதான் அது முடிவாகிவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. எப்போது முடிவானது? ஏழு மணிக்கா, அறுநூற்றுப் பதினொன்றைப் பார்த்தபோதா? இறங்கியதைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். ஒருத்தன் போய்விட்டான் என்றால் மிச்சம் அறுநூற்றுப் பதினோரு பேர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். ஆனால் எட்வின்? அவனிடம் எப்படிச் சொல்வது? பேசிய பேச்சை மீறுகிறாள், அதில் சந்தேகமில்லை. பயம் அதுதான், எண் இல்லை. பீளமேடு பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டு அவன் சண்டை போட்ட நாள் ஞாபகம் வந்தது. விளையாட்டில் தினமும் சாயங்காலம் கோட்டைக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் பேர் கூப்பிடுவார்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் வெளியே போனவர்கள் திரும்பிவிட்டார்களா என்று பார்க்க. பள்ளிக்கூடம் மாதிரியே ஒவ்வொருவனும் "உள்ளேன் ஐயா" என்பான். பதில் வராவிட்டால் பேரை அடித்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்றாள் அவள். எட்வின் பன்னைக் கீழே வைத்துவிட்டான். "அதென்ன, வரலைன்னா உடனே அடிச்சுடறதா? வயித்துக்கு முடியாம எங்காவது உக்காந்திருப்பான். கொஞ்ச நேரம் காத்திருக்க ஒரு பட்டன் வேணும்." போரில் வயிற்று வலிக்கெல்லாம் இடமில்லை என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளிடம் சொல்லாமல் இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தப் பட்டனைச் செய்து வைத்துவிட்டான். காத்திரு என்று பேர். அதை அமுக்கினால் கதவு திறந்தே இருக்கும், எதிரி நுழைந்தாலும் நுழைவான். குழுவில் அதற்கும் கிண்டல்: "காத்திரு அமுக்குனவன் இதுவரைக்கும் பொழைச்சதா சரித்திரமே இல்ல." அந்தக் கிண்டலையும் எட்வின் படித்திருப்பான். எத்தனை வாரம் எத்தனை கிண்டலை அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் படித்திருப்பான். அவள் எழுதியது எண்ணூறு பேர். அதில் ஒருத்தனுக்காகக் கதவைத் திறந்து வைத்தது அவன். இது அவளுக்கு ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை?

பத்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அவளே கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் பெங்களூர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"போட்டுட்டியா?" என்றான்.

"இல்ல எட்வின். அறுநூத்திப் பதினொண்ணுதான் போடப் போறேன். கடையில இருந்தும் எடுக்கல."

"வார்த்தை குடுத்தோமே."

"குடுத்தேன். மீறுறேன். தப்பு என்னோடதுதான். அதுக்கு நீ எவ்வளவு வேணா திட்டு. ஆனா பொய் எண்ணைப் போட்டு, மால போட்டுக்கிட்டுப் போக என்னால முடியாது."

"உனக்கென்ன, வீட்டுல உக்காந்திருக்க. காபி மெஷினுக்கு முன்னாடி தினமும் நிக்கறது நான்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி. உன் இஷ்டம். என் பேரை மட்டும் எடுத்துடு யமுனா. விளையாட்டு முடிஞ்சதும் வருதில்ல, செஞ்சவங்க பேரு. அதுல நான் வேண்டாம்."

வைத்துவிட்டான். பேரை எடு. எண்ணூறு பேருக்குப் பேர் வைத்தவளிடம் ஒரு பேரை எடு என்கிறான். எடுப்பது ஒரு நிமிஷ வேலை. ஒரு வரி. அந்த வரிக்குப் பதிலாக என்ன இருக்கும்? ஒன்றுமிருக்காது, அவள் பேர் மட்டும் தனியாக மேலே ஏறிப் போகும், கூடவே விளையாட்டின் முடிவில் வருகிற அந்த மழைச் சத்தம், அதுவும் அவன் தன் வீட்டு மாடித் தகரத்தில் பதிவு செய்தது. வலித்தது. நெஞ்சில் இந்த இடத்தில் என்று கை வைத்துக் காட்டுகிற மாதிரி வலித்தது. வலித்தாலும் எண் மாறப் போவதில்லை. கடைசி வெங்காயத்தின் தோலை ஊதிவிட்டு, மணியைப் பார்த்து, எழுதினாள். இந்த வாரப் படைக்கணக்கு: 611. போன வாரத்தைவிட ஒருத்தர் குறைவு. கோட்டை நிற்கிறது. அனுப்பு என்பதை அமுக்கினாள்.

குழுவில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. எப்போதும் எண் விழுந்த மறு நொடி சிரிப்பு விழும். இன்று அத்தனை பேரும் அந்தக் குறைந்துபோன ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போல. அப்புறம் பாபு வந்தார். "ஒருத்தன் குறைஞ்சானா? யாருடா அது, சுவரேறிக் குதிச்சு ஓடுனது?" மன்னர் வந்தார். "இப்படியே விட்டா எல்லாரும் குதிப்பானுங்க. பேர் கூப்புடுங்கய்யா. நூத்தெட்டு, உள்ளேன் ஐயா." அவள் படித்து முடிப்பதற்குள், நாற்பத்தேழு உள்ளேன் ஐயா. ஐந்நூற்று மூன்று உள்ளேன் ஐயா, கத்தாரிலிருந்து, டூட்டியில் இருக்கிறேன், சத்தம் போடாதீர்கள். இருநூற்றுப் பத்து. அறுபத்தாறு. நானூற்றுத் தொண்ணூறு, என் பொண்டாட்டி அடுப்புல பாலைப் பாத்துக்கச் சொல்லிருக்கா, பால் போச்சு, நான் உள்ளேன். குழுவில் இரண்டு வருஷமாக வாயே திறக்காத எண்கள் வந்தன, அவள் இல்லவே இல்லை என்று நினைத்திருந்த எண்கள். போன் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. தனபால் சமையலறையிலிருந்து, "வெங்காயம் வருமா, வராதா?" என்றார். வருது, வருது என்றாள். எழவில்லை. எண்பது, தொண்ணூறு, நூறு பேர் தாண்டிவிட்டது. இது எல்லாம் கிண்டல்தான், இப்போதும் கிண்டல்தான், ஆனால் ஒருத்தரும் போகவில்லையே.

அப்போதுதான் மன்னர் கேட்டார். "ஒண்ணு? ஒண்ணாம் நம்பர் எங்கப்பா? ரெண்டு வருசமா ஆளையே காணோம். ஓடுனது அந்தாளுதானோ?" பாபு சொன்னார்: "வரலைன்னா பேரை அடிச்சுடலாம். தளபதி, உத்தரவு?" அவர்களுக்கு அது விளையாட்டு. அவள் விரல் எழுத்துகளின் மேல் நின்றது. பேரை மட்டும் எடுத்துடு யமுனா. எடுக்கச் சொன்னவன் அவனே, அடிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இதில் அவள் யார் பிடிவாதம் பிடிக்க? அவள்தான் தளபதி. பட்டனைச் செய்து வைத்தது அவன், அமுக்க வேண்டியது அவள். ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

காத்திரு.

குழு சிரித்தது. கதவு திறந்திருக்கு, எதிரி வரப் போறான், போச்சு போச்சு என்று ஆளாளுக்கு எழுதினார்கள். யமுனா முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். போனை உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துவிட்டு, வாணலியில் எண்ணெய் விட்டு, வெங்காயத்தைப் போட்டாள். அது வதங்கிப் பொன்னிறமாகிற வரை ஜாடிப் பக்கம் பார்க்கவே கூடாது என்று இருந்தாள். இந்த ஞாயிறு வராவிட்டால் அடுத்த ஞாயிறு. அதற்கடுத்த ஞாயிறு. எத்தனை ஞாயிறானாலும் அந்த வரியை அவள் எடுக்கப் போவதில்லை. தனபால்தான் கறியைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, "இதாரு, சும்மான்னு ஒரு பேரு?" என்றார்.

"சும்மாவா? என்ன போட்டிருக்குது?"

அவர் ஈரக் கையை நீட்டி வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தார்.

"ஒண்ணு. வயித்துக்கு முடியல ஐயா. அதான் லேட்டு. உள்ளேன்."